ஒரு நாள் ஊறிய மரவள்ளி

என் மாமியாரை நானே விஷம் வைத்துக் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று நான்கு நாட்கள் நம்பியிருந்தேன். அந்த நான்கு நாட்களை இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் பரபரக்கிறது. எனக்கு வயதாகிவிட்டது, முட்டி மடங்காது. ஆனாலும் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து நின்றுவிடுவேன். உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெடாஸிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் ரப்பர்த் தோட்டம். பால்மரம் சீவுவது அநேகமாக நின்றுபோய், மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டுத் தின்றுகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரரைக் கோலா கிளாவாங் மலைப்பக்கம் மரம் வெட்டக் கொண்டுபோயிருந்தார்கள். மாதத்துக்கு ஒரு தடவை வருவார், சில மாதம் அதுவும் கிடையாது. புறப்படும்போதெல்லாம் என்னிடம் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்று: "அம்மாவப் பாத்துக்க." என்னைப் பார்த்துக்கொள்ளும்படி அவர் அம்மாவிடம் சொன்னதாக நான் கேட்டதில்லை. எனக்கு அப்போது இருபது வயது. இந்த மாதிரிக் கணக்கையெல்லாம் மனசில் கட்டிவைத்துக்கொள்ளும் வயது.

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். லயத்தின் கடைசி வீட்டில் நானும் அத்தையும். அத்தை என்றால் என் மாமியார்தான். சண்டைக்கு வெள்ளி, செவ்வாய் பார்க்கமாட்டோம். விறகு ஈரமாக இருந்தால் ஒரு சண்டை, அது காய்ந்துவிட்டால் வேறொரு சண்டை. அவள் வாய்க்கு லயமே பயந்தது, நான் ஒருத்திதான் பதில் பேசுவேன். அவள் இருபது வருஷத்துக்கு மேல் துரை பங்களாவில் சமையல் வேலை செய்தவள். துரை சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிப்போன நாள்வரைக்கும் பங்களா வெண்ணெயிலும் ஆட்டுக்கறியிலும் வளர்ந்த உடம்பு, பஞ்சத்திலும் முழுசாக வற்றவில்லை. ஒரே ஒரு தொந்தரவுதான். கொழுப்பாக எதையாவது சாப்பிட்டால் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "வாய்வு" என்பாள். சீரகத் தண்ணீர் குடித்து ஏப்பம் விடுவாள், சரியாகிவிடும். யுத்தம் வந்தபின் கொழுப்புக்கு எங்கே போவது? வாய்வும் அவளை விட்டுப் போய்விட்டதாகவே நினைத்தோம்.

மரவள்ளியில் இரண்டு ஜாதி உண்டு. நல்ல கிழங்கு லோரியில் ஏறிச் சிரம்பானுக்குப் போய்விடும். எங்களுக்கு மிஞ்சியது கசப்புக் கிழங்கு. கை பருமனுக்கு இறங்கும், ஆனால் அதில் விஷம் உண்டு. தோல் சீவி, வில்லை போட்டு, மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, பிறகு மூடாமல் வேகவைக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வீட்டில் ஒழுங்காக ஊறவைக்காமல் தின்று, சாயங்காலம் படுத்தவர்கள் விடிவதற்குள் பிணமாகிவிட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எங்கள் லயத்தில் ஒரு பெண்ணுக்கு வீட்டு வேலை தெரியுமா தெரியாதா என்பதற்கு அளவுகோலே அவள் வீட்டு ஊறல் வாளிதான்.

அந்த வாரம் தினமும் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிட்டு ஆமணக்கு நட விட்டார்கள். ஜப்பான்காரனுக்கு விளக்கெண்ணெய் வேண்டும், மிஷினுக்குப் போட. இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்பினால் வாளியில் மூன்று நாள் ஊறல் தீர்ந்துபோயிருந்தது. முந்தின நாள் போட்டது மட்டும் கிடந்தது. பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு நாள்தானே ஊறியிருக்கிறது என்று மனசு சொன்னது. இரண்டு தண்ணீரில் வேகவைத்தால் போகாதா என்று வயிறு சொன்னது. வயிறு ஜெயித்தது. இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். உப்பு அப்போது மருந்து மாதிரி, நகத்தில் எடுத்துப் போடுவோம்.

அத்தை முதல் வாய் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். உப்பு பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று நானும் பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் விழுங்கினாள். எனக்கா, நாக்கில் ருசியே தெரியாத பசி. நாலு துண்டு உள்ளே போயிருக்கும். சட்டென்று கையை நீட்டி என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போதும் தின்னது. எந்திரி. போய்த் தண்ணி புடிச்சிட்டு வா."

"அத்தை, நான் இன்னும் சாப்பிடல."

"எந்திரிங்கிறேன்ல!"

குடத்தோடு திரும்பி வந்தபோது இரண்டு தட்டும் காலி. பானையும் காலி. எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது. பகல் முழுக்க வெயிலில் மண் வெட்டியவள் நான், வீட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள். குடத்தை ணங்கென்று வைத்துவிட்டு, வெடிக்கட்டும் அந்த வயிறு என்று மனசுக்குள் வைதேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அத்தனை பயம் வந்திருக்காது.

மறுநாள் காலையில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

முதல் நாள் வாந்தி. தொப்புளைச் சுற்றி வலி, வந்து வந்து பிடித்தது. இன்று சாயங்காலம் செத்துவிடுவாள் என்று நினைத்தேன், சாகவில்லை. இரண்டாம் நாள் வலி குறைந்து எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸர் அன்று வந்து பார்த்தார். நல்ல மனுஷன், கிறிஸ்து வேதக்காரர். அரைக்கால் சட்டைமேல் டை கட்டுவார், துரை ஓடிய பிறகும் அந்த டையை விடவில்லை. அலமாரியில் மருந்து மட்டும் அநேகமாக இல்லை.

"வெளிக்கெல்லாம் சரியாப் போவுதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் சரியாத்தான் போவுது" என்றாள் அத்தை, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு.

வயிற்றுப் பூச்சியாக இருக்கலாம் என்று ஏதோ ஒரு கலவையைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வலி திரும்பவும் வந்தது. வயிறு உப்ப ஆரம்பித்தது. குழாயடியில் பெண்கள் நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நிறுத்தவில்லை. அவள் எதையும் நிறுத்துகிறவள் இல்லை.

"கெழங்க ஒழுங்கா ஊற வச்சா ஏன் இப்பிடி ஆவுது? பெரியம்மாகிட்ட நானும் கேட்டேன், என்ன சாப்ட்டீங்கன்னு. வாய்வுங்குது, அத விட்டா வேற பேச்சில்ல."

குடத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், இதோ பாருங்கள், ஒரு நாள் ஊறலில் முடித்துவிட்டேன் என்றா?

நான்காம் நாள் காலையில் வாந்தியின் நிறமே மாறிவிட்டது. பச்சையும் மஞ்சளும் போய்ப் பழுப்பாக வந்தது. நாற்றம் வேறு மாதிரி இருந்தது, வாயால் வரக்கூடாத நாற்றம். வயிறு முரசு போல் இறுகியிருந்தது. அத்தை பேசவில்லை, அதுதான் இன்னும் பயம். பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்து பார்த்துவிட்டு, "பேதிக்குக் குடுத்தாத்தான் தீரும், எங்கிட்ட ஒளிச்சு வச்ச வெளக்கெண்ண கொஞ்சம் இருக்கு, சூடு பண்ணிக் கொண்டாறேன்" என்றாள். அத்தையும் தலையை ஆட்டிக் கையை நீட்டினாள், கொண்டா கொண்டா என்று. எங்கள் தோட்டத்தில் இது பரம்பரை வழக்கம். வெள்ளைக்காரன் காலத்திலேயே மாதம் ஒரு தரம் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். தலைவலிக்கும் அதுதான், மனக்கவலைக்கும் அதுதான். அக்கா அடுப்பு மூட்டப் போனாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டிரெஸர் பழைய கட்டுத்துணியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஐயா, நான்தான் ஐயா. பூச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல. கசப்புக் கெழங்க ஒரு நாள்தான் ஊறவச்சேன். அதத்தான் போட்டேன். அத்தைய நான்தான் கொன்னுட்டேன். போலீசுல சொல்லணும்னா சொல்லுங்க."

அவர் துணியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எப்ப சாப்ட்டாங்க?"

"நாலு நாள் முன்ன, சாயங்காலம்."

"நீயும் சாப்ட்டியா?"

"நாலு துண்டு சாப்ட்டேன்."

"உனக்கு என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல. பசிதான்."

"ஏம்மா, கெழங்கு வெஷம் விடியறதுக்குள்ள ஆளத் தூக்கிட்டுப் போயிடும். நாலு நாள் வச்சு வெளையாடாது. இது கெழங்கு இல்ல." கையில் இருந்த துணி கீழே விழுந்தது. அவர் முகம் மாறிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு வாந்தி எப்பிடி இருந்துச்சு?"

சொன்னேன். நாற்றத்தையும் சொன்னேன்.

"உண்மையச் சொல்லு. அந்தம்மா வெளிக்குப் போறாங்களா?"

"நாலு நாளா வீட்ட விட்டு நகரல ஐயா. சட்டியும் வைக்கல."

"எங்கிட்டப் போவுதுன்னாங்களே!"

"ஆம்பளகிட்ட அத எப்பிடி ஐயா சொல்லுவாங்க?"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கொடல் அடைச்சிருக்கு! எதுவோ உள்ள நின்னு அடைக்குது! பேதிக்கு எதுவும் குடுக்கலயே? குடுத்தா போச்சு, கொடல் கிழிஞ்சிடும்!"

நான் அவர் பேச்சு முடியும்வரை நிற்கவில்லை. ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே குறுக்குப் பாதையில், முள்ளும் கல்லும் பார்க்காமல். விளக்கெண்ணெய் சூடாக எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓடினேன். அக்கா வீட்டு விறகு ஈரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் விறகு எப்போதும் நன்றாகக் காய்ந்திருக்கும் என்பது நினைவுக்கு வந்தது, இன்னும் வேகமாக ஓடினேன்.

வாசலில் பெண்கள் கூட்டம். இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். அத்தையை இருவர் நிமிர்த்திப் பிடித்திருக்க, அக்கா கொட்டாங்கச்சியை அவள் வாயருகே கொண்டுபோய்விட்டாள். எட்டி ஒரு தட்டு தட்டினேன். கொட்டாங்கச்சி சுவரில் மோதி, எண்ணெய் முழுக்கத் தரையில்.

"அடிப் பாவி!" அக்கா என் கூந்தலைப் பிடித்துவிட்டாள். "ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சா தலைய எடுத்துடுவான்னு உசிர வச்சு ஒளிச்ச எண்ணடி! மாமியாரக் கொல்றதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"கொடல் அடைச்சிருக்கு அக்கா! குடுத்தா கிழிஞ்சிடும்! டிரெஸர் சொல்றாரு!"

கூந்தலை அவள் விடவில்லை. நான் அவள் கையைக் கடித்தேன். நல்லவேளையாக டிரெஸர் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், டை தோளுக்குப் பின்னால் பறக்க. அவர் அத்தையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். அங்கங்கே தட்டினார். பிறகு எழுந்து சொன்னார்: சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைத் திறந்தால் பிழைக்கலாம், இன்றைக்கே திறக்க வேண்டும்.

அன்று கிழங்கு லோரி போகும் நாள். அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். பெட்ரோல் இல்லாத காலம், லோரியின் பின்னால் ஒரு பீப்பாயில் கரி எரித்து அந்தப் புகையில் ஓட்டுவார்கள். ஓட்டுகிறவர் ஒரு சீனர், முன்பல் இரண்டும் இல்லாதவர். அத்தையைப் பார்த்ததும் "தா போலே", முடியாது என்று கையை விரித்தார். கடித்த கையைத் தேய்த்துக்கொண்டே வந்த அக்காதான் அவர் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். என்ன மலாய் பேசினாளோ, அதில் பாதி தமிழ் வசவு. அவர் பேசாமல் ஏறி உட்கார்ந்துவிட்டார். நல்ல மரவள்ளி மூட்டைகளின்மேல் பாய் விரித்து அத்தையைக் கிடத்தினோம். அவளை அந்தக் கிழங்கின்மேலேயே படுக்க வைத்தது எனக்கு என்னவோ போல் இருந்தது.

முதல் மேட்டிலேயே லோரி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிக் கரியைக் கிளறினார். நானும் டிரெஸரும் பின்னால் போய்த் தள்ளினோம். மேலேயிருந்து அத்தையின் குரல், காலையிலிருந்து முதல் தடவையாக:

"நீ தள்ளாத! ஏய், நீ தள்ளாதடி! தள்ளிப் போ!"

சாகப்போகிற நேரத்திலும் நான் எதைத் தொட்டாலும் குற்றம் இவளுக்கு என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் இன்னும் பலமாகத் தள்ளினேன். லோரி தும்மிக்கொண்டு கிளம்பியது. இப்படி மூன்று மேடு. மூன்றிலும் அவள் கத்தினாள், மூன்றிலும் நான் தள்ளினேன்.

சிரம்பானுக்கு முன்னால் காவல் தடுப்பு. இறங்கிக் குனிந்து வணங்கினோம். சிப்பாய் மூட்டைகளை எட்டிப் பார்த்தான், அத்தையையும் வாந்தி எடுத்த சட்டியையும் பார்த்தான். ஒரு அடி பின்னால் குதித்து மூக்கைப் பொத்திக்கொண்டான். "கொரேரா! கொரேரா!" என்று கத்தித் துப்பாக்கியை எடுத்தான். காலரா என்று நினைத்துவிட்டான். காலரா என்றால் திருப்பி அனுப்புவான், அல்லது எங்கேயாவது போட்டு அடைப்பான்.

டிரெஸர் முன்னால் போனார். டையைச் சரிசெய்துகொண்டார். "கொரேரா" என்று சொல்லி, இரண்டு கையாலும் பின்பக்கத்திலிருந்து வெள்ளம் பாய்வதுபோல் காட்டினார். பிறகு அத்தையைக் காட்டித் தலையை ஆட்டினார். திரும்பி நின்று, தம் பின்பக்கத்தை இரண்டு கையாலும் இறுகப் பொத்திக்கொண்டு, முகம் சிவக்க முக்கி, "இல்லை, இல்லை, ஒன்றும் வரவில்லை" என்று கண்ணை உருட்டினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷன், நடுரோட்டில்.

சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் எங்களை விட்டுவிடவேண்டியதுதானே? கொட்டகையிலிருந்த இன்னொருவனைக் கூப்பிட்டு, அவனுக்கும் செய்து காட்டச் சொன்னான். டிரெஸர் மறுபடியும் செய்தார். மூன்றாமவனும் வந்தான். அவனுக்கும் செய்தார். மேலே அத்தை முனகிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் கொலைவெறியும் ஒன்றாக வந்தன. கடைசியில் முதல் சிப்பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு தடுப்பைத் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருந்தார். வயிற்றை ஒரு நிமிஷம்தான் தொட்டுப் பார்த்தார். மயக்க மருந்து கொஞ்சம்தான் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க முடியாது என்றார். கதவை மூடிவிட்டார்கள். டிரெஸர் உதவிக்கு உள்ளே போனார். நான் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். நான் வைத வசவுதான் ஞாபகம் வந்தது. வெடிக்கட்டும் அந்த வயிறு. வெடிக்கவேண்டாம், வெடிக்கவேண்டாம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து வந்து ஆயுசு முழுக்கத் திட்டட்டும், என் தட்டைத் தினமும் பிடுங்கித் தின்னட்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

கதவு திறந்தது. டாக்டர் கையில் ஒரு பீங்கான் தட்டு. அவர் முகத்தில் ஒரு குழந்தையின் சந்தோஷம்.

"பிள்ளை, இஞ்ச பாரும். இவ பாக்கை முழுசா விழுங்கிறவவோ?"

தட்டில் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று இருந்தது. கறுத்த பழுப்பு, அங்கங்கே பட்டை. பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது.

"இல்லீங்க டாக்டர். பல்லுல வச்சாதான் பாக்குன்னு சொல்லுவாங்க, முழுசா முழுங்கமாட்டாங்க."

"அப்ப நான் நினைச்சது சரி. இது கல்லு. பித்தப்பைக் கல்லு! பித்தப்பைக்குள்ள வருஷக்கணக்கா வளந்து, பையையும் குடலையும் அரிச்சு ஓட்டை போட்டு, குடலுக்க விழுந்திட்டுது. பிறகு உருண்டு உருண்டு வந்து, சின்னக்குடல் ஒடுங்கிற இடத்தில இறுகிப்போச்சு. உருளேக்க நோவு குறையும், இறுகேக்க கூடும். புத்தகத்திலதான் படிச்சனான். இண்டைக்குத்தான் கண்ணால பாக்கிறன்!"

"அத்தை?"

"உசிரோட இருக்கிறா. குடல் அழுகேல்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தா, இல்லையெண்டா பேதிக்குக் குடுத்திருந்தா, ஆள் முடிஞ்சுது."

"மரவள்ளியா டாக்டர்? மரவள்ளிதான் இப்பிடிக் கல்லாயிருச்சா?"

"மரவள்ளியோ?" அவர் சிரித்தார். "இது யுத்தத்துக்கு முந்தியே இருந்த கல்லு."

நான் எழுந்து நின்றேன். அப்புறம் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி நடையில் குதித்தேன் என்றும், டிரெஸரின் டையைப் பிடித்து இழுத்தேன் என்றும் அவர் பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கலாம்.

அத்தை புண் ஆறி எழுந்து உட்கார மூன்று வாரம் ஆனது. கல்லை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். முழுசாக மூடாது. லயத்துக்குத் திரும்பியதும் வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினாள். வலது விலாவைத் தட்டிக்கொண்டு சொல்வாள்: "தொர ஓடிப்போயிட்டான். அவன் வெண்ணைய மட்டும் எங்கிட்டக் குடுத்து வச்சிட்டுப் போயிருக்கான். திரும்பி வந்தா குடுத்துடணும்." பக்கத்து வீட்டு அக்கா கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தாள், உருட்டினாள், முகர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் என் வாசலில் ஒரு கட்டு காய்ந்த விறகு கிடந்தது. அவள் கையில் என் பல் தடம் ரொம்ப நாள் இருந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் எனக்குள் அந்த ஒரு நாள் ஊறல் உறுத்திக்கொண்டே இருந்தது. கல் வேறு, கிழங்கு வேறு என்றாலும் விஷக்கிழங்கைப் போட்டது போட்டதுதானே? ஒரு சாயங்காலம் மூன்று நாள் முழுசாக ஊறிய கிழங்கை வேகவைத்து, இருவருக்கும் தட்டில் வைத்தேன். அத்தை தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து என் தட்டில் தள்ளினாள். எனக்குத் தாங்கவில்லை.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் போட்ட கெழங்கு ஒரு நாள்தான் ஊறினது."

"தெரியும்" என்றாள், மென்றுகொண்டே.

"தெரியுமா?"

"மொத வாயிலயே கசந்துச்சே. நாக்கு என்ன செத்தா போச்சு?"

"பின்ன ஏன் சாப்ட்டீங்க? என் தட்டயும் புடுங்கி…"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், அடுப்பில் பாலைப் பொங்கவிட்டவளைப் பார்ப்பதுபோல்.

"அப்பவே ரெண்டு மாசமா நீ மூணு நாள் ஒதுங்கி உக்காரல. நீ எண்ணலன்னா நானும் எண்ணமாட்டனா? வயித்துல ஒண்ணு வச்சிக்கிட்டு வெஷத்தத் தின்னுக்கிட்டிருக்க. கொட்டலாம்னா, பஞ்சத்துல சோத்தக் கொட்ட மனசு வரல. நான் கெழக்கட்ட, எனக்கு என்ன. அப்புறம் லோரிய வேற தள்ளுற, முட்டாக் கழுத, எத்தன தரம் கத்துனேன்!"

பஞ்சத்தில் எத்தனையோ பெண்களுக்கு மாதக்கணக்கு நின்றுபோயிருந்தது. எனக்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அவள் சொல்லித்தான் என் கை என் வயிற்றுக்குப் போனது.

"அப்ப அந்த நாலு நாளும், நீங்க…"

"கெழங்குதான் கொல்லுதுன்னுதான் நானும் நெனச்சேன். அதான் வெளக்கெண்ண கேட்டேன், வெளிய தள்ளிறலாம்னு. அவ வந்து வந்து கேட்டா, என்ன சாப்ட்டேன்னு. வாய்வுன்னுட்டேன்." ஒரு துண்டை எடுத்து ஊதினாள். "உன் பேரக் கெடுத்துட்டா சாவறது?"

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று தட்டில் விழுந்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

"அழுதுக்கிட்டே தின்னு" என்றாள் அத்தை. "உப்பாவது மிச்சமாவும்."